லாத்தா ஏறும் உயரம்

சைகோனில் வண்டிகள் வீட்டுக்குள்தான் தூங்கும். சாயங்காலமானால் வாசல் கம்பிக்கதவைத் தள்ளி, மோட்டார் சைக்கிளை முன்னறைக்குள் ஏற்றி, தொலைக்காட்சிக்கும் நாற்காலிக்கும் நடுவே நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து சோறு தின்பார்கள். த்ருவோங் டின் தெருவின் பின்புறச் சந்தில் இருக்கிற இருபத்திரண்டு வீடுகளிலும் இதுதான் பழக்கம். இருபத்து மூன்றாவது வீட்டுக்காரர் பக்கீர் மைதீன் மட்டும் வேறு மாதிரி. அவர் முன்னறைத் தரையில் நீளமாகச் சாக்கு விரித்து, வண்டியை அதன்மேல் உருட்டி, சமையலறைக்குப் போகிற இடுக்கு நடையில் கொண்டுபோய்ச் சாத்துவார். அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். முன்னறையில் ஒரு கட்டில் இருக்கிறது. மெத்தையும் உறையும் மாறாமல் அப்படியே கிடக்கும். தினமும் துடைப்பார், ஒருநாளும் உட்கார மாட்டார்.

ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். அது லாத்தா வீடு.

லாத்தா என்றால் அக்கா. காரைக்கால், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீடு மகளுக்கு. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். மகனுக்குச் சுவர் என்று ஒன்று கிடையாது. கல்யாணம் ஆகும்வரை லாத்தா வீடு, ஆனபிறகு பெண்டாட்டி வீடு. காரைக்காலிலிருந்து துணி மூட்டையோடு வந்து, இந்த ஊர்ப் பெண்ணையே நிக்காஹ் செய்து, பென் தான் சந்தையில் கடை போட்ட வாப்பாவும் இந்த விஷயத்தில் இம்மியும் மாறவில்லை. மூத்த மகள் ஹமீதா பானுவுக்கு எழுபத்தைந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் நிக்காஹ் முடித்து, வீட்டை அவளுக்கு என்று நாலு பேர் முன்னால் சொன்னார். மாப்பிள்ளை ஷம்சுல் ஆலம் ஒரு தகரப் பெட்டியோடு குடிவந்தார். நாலு மாதத்தில் வியட்நாம் போர் முடிந்து, சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்தது.

எழுபத்தெட்டில் கடைகள் மூடப்பட்டன. வியாபாரம் போனவர்களைக் காட்டைத் திருத்திப் பயிர் செய்யச் சொல்லி லாரியில் ஏற்றினார்கள். ஹமீதா பானுவும் புருஷனும் அப்படித்தான் பூ தாங் மலைப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அதே வருஷக் கடைசியில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஊர் திரும்பக் காகிதம் வந்தது. இரண்டு பேருக்குத்தான் வந்தது. பக்கீருக்கு அப்போது பதினாறு வயது.

"தம்பி, லாத்தா திரும்பி வர்ற வரைக்கும் வூட்டப் பாத்துக்க," என்றார் வாப்பா. "பூட்டிக் கெடந்தா எவனாவது வந்து குந்திக்கிருவான். ஒரு உசுராவது உள்ள இருக்கணும்."

அந்த ஒரு உயிராகப் பக்கீர் மைதீன் நாற்பது வருஷம் இருந்தார்.

இடையில் கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. சைகோனின் சீனர் பகுதியான சோலோனில் தையல் பட்டறை வைத்திருந்த ஒரு குடும்பம். பெண் பெயர் அமீர் நிஷா. அவளுக்கும் இவரைப் பிடித்திருந்தது. அவளுடைய உம்மா நியாயமாகத்தான் கேட்டார், மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அதுதானே நம் வழக்கம் என்று. இவர் போனால் லாத்தா வீடு பூட்டிக் கிடக்கும். அமீர் நிஷாவை இங்கே கூட்டிவந்தால், அடுத்தவள் வீட்டில் குடித்தனம் வைத்த கதையாகிவிடும். இரண்டுக்கும் மனம் வராமல் ஒன்றரை வருஷம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். எந்தப் பெண் அவ்வளவு காலம் காத்திருப்பாள்? அமீர் நிஷா இப்போது பிரான்ஸில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாளாம்.

பிழைப்புக்கு ஸே ஓம் ஓட்டினார். ஸே ஓம் என்பது வாடகை மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போவது. கட்டிப்பிடி வண்டி என்று அர்த்தம் வரும். பெயர்தான் அப்படி. ஏறுகிறவர்கள் இருக்கைக் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மாரியம்மன் கோயிலுக்கு எதிர் முனைதான் அவர் நிறுத்தம். ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருகிற வியட்நாமியக் கிழவிகள் இவர் முகத்தைப் பார்த்துக் கோயில் ஆள் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டு ஏறுவார்கள். இவரும் திருத்த மாட்டார். முப்பது வருஷமாக முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லாத நாள் கிடையாது. முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருந்த நாளும் கிடையாது.

லாத்தா அந்த நாற்பது வருஷத்தில் மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் புருஷனோடு வந்து, முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மூட்டையைக்கூட அவிழ்க்காமல் மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டாள். ஒருமுறை பக்கீர் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப ஆணியில் மாட்டினாள். தன் வீட்டில் தம்பி உட்கார்ந்திருக்கிறானே என்று கோபம் போல, என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்கப் பயம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

போன வருஷம் அக்டோபரில் ஒருநாள் விடியும்போது போன் வந்தது. மச்சான் மவுத்தாகிவிட்டார். பக்கீர் அப்படியே தன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தார் ரோடு முடிகிறவரை ஒன்றுமில்லை. அதன் பிறகு லாத்தா வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர், முந்திரி மரங்களுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை. செம்மண், அதுவும் மழை குடித்த செம்மண். வண்டியின் முன் மட்கார்டு சக்கரத்தை ஒட்டி இருப்பதால், பத்து கஜத்துக்கு ஒருமுறை சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் தோண்டுவார், தள்ளுவார், மறுபடி அடைக்கும். கடைசியில் வண்டியைப் போட்டுவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது, பக்கத்து ஊரிலிருந்து வந்த நாலு சாம் இன முஸ்லிம்கள் கபுருக்கு மண் தள்ளி முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். லாத்தா வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள். பிள்ளை குட்டி இல்லாதவள். அந்த முந்திரித் தோப்பில் இனி அவளும் கோழிகளும்தான்.

திரும்பி வந்த அன்றே பக்கீர் முடிவு செய்துவிட்டார். லாத்தாவை அவள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். மழையோ வெயிலோ, அந்தப் பாதையில் போய் அவளைப் பின்னால் உட்கார வைத்து அழைத்துவருகிற வண்டி வேண்டும்.

சோலோனில் லாம் என்று ஒருவன், காட்டுப் பாதையில் ஓட்டுகிற வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டு விற்கிறவன். நாற்பது வயது இருக்கும். பெரும்பாலும் ஊர் சுற்ற வரும் வெள்ளைக்காரர்கள்தான் அவனிடம் வருவார்கள். எட்டு மாதம் சவாரிக் காசைச் சேர்த்த பிறகு, செம்பட்டை முடியோடு இரண்டு பேர் நின்ற இடத்தில், தேய்ந்த செருப்போடு பக்கீர் போய் நின்றார்.

"காலைல கோயிலுக்கு வர்ற கிழவிய ஏத்திக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போகணும்," என்றார். "மறுநாள் பூ தாங் காட்டுல ஒரு முழப் பாதைல சேத்துல போகணும். அதுக்கு ஒரு வண்டி காட்டு."

"சித்தப்பா, அது ரெண்டு வண்டி," என்றான் லாம். தன் அப்பாவைவிடச் சற்றுச் சின்னவரை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ரெண்டு வண்டி ஓட்ட எனக்கு ரெண்டு உடம்பு இல்லப்பா."

லாம் சிரித்துவிட்டான். ஆனால் ஆள் வாங்குகிறவர்தான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

பக்கீர் ஆறு வாரம் அந்தக் கடைக்கு நடந்தார். பெண் பார்க்கப் போனவர்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். முதலில் ஒரு பழைய பெலாரஸ் வண்டி. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். இரும்பு யானை போல எந்தச் சேற்றிலும் போகும். ஆனால் புகை. வெள்ளைச் சட்டை போட்ட அலுவலகப் பெண்ணை அதில் ஏற்றினால் இறங்கும்போது சாம்பல் நிறத்தில் இறங்குவாள். அடுத்தது ஒரு பச்சை வண்டி. பார்த்ததும் மனசு போய்விட்டது. இருபத்தொரு அங்குல முன் சக்கரம், குழியில் இறங்கினாலும் முதுகுக்குத் தெரியாத ஸ்பிரிங். ஏறி உட்கார்ந்தார். இரண்டு கால் பெருவிரலும் தரையைத் தேடின. இருக்கையோ நீளமான பலகை, பின்னால் ஒரு பூனை உட்காரலாம். லாத்தா உட்கார முடியாது. இறங்கிவிட்டார்.

மூன்றாவதாகத்தான் அந்த வெள்ளை வண்டி வந்தது. நூற்றைம்பது சி.சி. பச்சை வண்டி அளவுக்கு உயரமில்லை. குதிகால் லேசாகத் தூக்கினால் போதும், கால் ஊன்றிவிடலாம். முன் மட்கார்டு சக்கரத்திலிருந்து ஒரு சாண் மேலே நின்றது, சேறு அடைக்க வழியில்லை. அதைத் தடவிப் பார்த்தபோது போன அக்டோபர் ஞாபகம் வந்தது.

"பட்டனும் இருக்கு, கிக்கரும் இருக்கு," என்றான் லாம். "சரிவுல பேட்டரி செத்தாலும் உதைச்சுக் கிளப்பலாம். கார்புரேட்டர் வண்டி. காட்டுல இருக்கற சைக்கிள் கடைக்காரன்கூடப் பிரிச்சு மாட்டிடுவான்."

"டயர்?"

"இது பாதி ரோட்டுக்கு, பாதி சேத்துக்கு. சேத்துக்குன்னு கட்டை கட்டையா இருக்கற டயர் போட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா மழைல ரோட்டுல போட்ட வெள்ளைக் கோட்டுமேல ஏறினா சறுக்கிவிட்டுடும். ரோட்டு டயர் போட்டா சேத்துல நீங்க வண்டிய ஓட்ட மாட்டீங்க, வண்டி உங்கள ஓட்டும்."

ஹாண்டில்பார் அகலமாக இருந்தது. சைகோன் நெரிசலில் அது அடுத்தவன் கண்ணாடியைத் தட்டும், சந்து வாசலில் முட்டும். பக்கத்துக்கு இரண்டு விரல்கடை அறுத்துவிடச் சொன்னார் பக்கீர். காட்டிலும் மரத்துக்கு மரம் இடைவெளி அவ்வளவுதானே. சைலன்சர் வலது பக்கம் உயரத்தில் ஓடியது. ஏறுகிறவர் கெண்டைக்காலில் சுட்டுவிடாமல் அதற்கு ஒரு தகட்டு மூடி போடச் சொன்னார். பின் இருக்கையைக் கையால் நாலு முறை அமுக்கிப் பார்த்தார். நீளமாக, மெத்தென்று இருந்தது. பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் கட்டைகளை மடக்கி விரித்துப் பார்த்தார். வாசல், சந்து, தன் கால், தன் கை, எல்லாவற்றையும் அளந்தாகிவிட்டது. கையிலிருந்ததைப் போட்டு, பழைய வண்டியையும் கொடுத்து, அதை வாங்கினார். லாத்தாவுக்கென்று நீல நிறத்தில் ஒரு புது ஹெல்மெட்டும் வாங்கினார்.

அவர் எதை அளக்க மறந்தார் என்று முதல் சவாரியிலேயே தெரிந்திருக்க வேண்டும். கோயிலிலிருந்து வந்த ஒரு கிழவி வழக்கம்போல் கும்பிட்டுவிட்டுக் காலைத் தூக்கினாள். எட்டவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். பழப் பை சாய்ந்து இரண்டு மங்குஸ்தான் உருண்டன. சிரித்துக்கொண்டே பழத்தைப் பொறுக்கிக்கொண்டு, போனில் கூப்பிட்டால் வருகிற பச்சைச் சட்டைப் பையன் ஒருவனின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். இரண்டாம் நாளும் இதேதான். மூன்றாம் நாள் பக்கீர் நூடுல்ஸ் கடையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியை வாங்கி, பின் கேரியரில் ரப்பர் பட்டையால் கட்டினார். யாராவது வந்தால் அவிழ்த்துத் தரையில் வைப்பார். அவர்கள் அதன்மேல் ஏறி, அங்கிருந்து வண்டியில் ஏறுவார்கள். பிறகு இவர் உட்கார்ந்தபடியே குனிந்து முக்காலியை எடுத்து ஹாண்டிலில் மாட்டிக்கொள்வார்.

"குதிரை வாங்கினான், கூடவே ஏணியும் வாங்கினான்," என்று மற்ற ஸே ஓம்காரர்கள் கேலி பேசினார்கள். பாதிச் சவாரி குறைந்தது. பக்கீர் கவலைப்படவில்லை. லாத்தா வந்துவிட்டால் சோறு பொங்க ஆள் இருக்கும், பேச ஆள் இருக்கும், பாதிச் சவாரி போதும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினார். முந்தின நாள் முன்னறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார். ஆலைகளும் லாரிகளும் தாண்டி, தோங் ஸோய் ஊரும் தாண்டினார். டயர் தாரின்மேல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வந்தது. மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தார் முடிந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு சக்கரத்திலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். லாம் சொல்லித்தந்திருந்தான்: இரண்டாம் கியர், கால் கட்டையில் எழுந்து நில், கிளட்சைத் தொடாதே, கண்ணைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் தூரத்தில் வை.

எழுந்து நின்றார். ஐம்பத்தாறு வயதில் முழங்கால் முனகியது. ஆனால் வண்டி போயிற்று. சேறு பறந்தது, அடைக்கவில்லை. ஓடைமேல் இரண்டு பலகை போட்ட பாலம் ஒன்று உண்டு, அதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினார். போன வருஷம் பழைய வண்டியைப் போட்டுவிட்டு ஓடிய இடம் வந்தது. அதைக் கடக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. வாய்விட்டுக் கத்தவேண்டும்போல் இருந்தது, கூடவே அழுகையும் வந்தது. இந்த வண்டி அன்றைக்கு இருந்திருந்தால் மச்சானுக்கு ஒரு பிடி மண் போட்டிருப்பார்.

ஹமீதா பானு கைலியும் தொளதொள சட்டையுமாக, தலைத்துணிக்கு மேல் ஓலைத்தொப்பி வைத்து முந்திரி மரத்தடியில் நின்றிருந்தாள். அறுபத்தொரு வயதில் இன்னும் குள்ளமாகிப் போயிருந்தாள்.

"சேத்துல குளிச்சிட்டு வந்திருக்கியே! பசியாறுனியா?"

கை கால் கழுவ வைத்து, மீன் ஆணமும் சோறும் போட்டாள். ஆணத்தில் புளியோடு இந்த ஊர் மீன் சாறும் கலந்து வாசம் வந்தது. அவர் தின்று முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை வழித்துவிட்டுப் பக்கீர் நேராக விஷயத்துக்கு வந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு.

"லாத்தா, கெளம்புங்க. ஒங்க வூட்டுக்குப் போவலாம்."

"யாரு வூட்டுக்கு?"

"ஒங்க வூட்டுக்குத்தான். கட்டிலுக்கு விரிப்பெல்லாம் மாத்திட்டேன். நாப்பது வருசமா காவல் இருந்தேன்ல, இனியாவது வந்து இருங்க."

அவள் அவரையே பார்த்தாள். "காவலா? ஏன்டா, நீ அங்க குடியிருக்கேன்னுல்ல நெனச்சேன்."

"வாப்பா சொல்லிட்டுப் போனாஹல்ல, லாத்தா வர்ற வரைக்கும் பாத்துக்கன்னு."

"அப்ப நீ எங்க படுப்பே?"

"அடுப்படி நடையில. வண்டி பக்கத்துல."

ஹமீதா பானு ஓலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எம்பத்தெட்டுல எங்களுக்குத் திரும்பி வர அனுமதி கெடச்சிச்சு," என்றாள். "ஒன் மச்சான் பெட்டியக் கட்டிட்டாஹ. நான்தான் அவுத்து வச்சேன். நாங்க வந்து குந்துனா நீ எங்க போவே? சோலோன்ல ஒரு புள்ளையப் பேசுறாங்கன்னு காதுல வுழுந்திச்சு. கடையும் போச்சு, ஊரும் மாறிப்போச்சு, இந்தக் காலத்துல எவன் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பொண்ணு வூட்டுக்குப் போறான்? அவளக் கூட்டியாந்து அங்கயே வச்சிக்கிருவேன்னு நெனச்சேன். வூடு ஒனக்குன்னு அன்னக்கே மனசுல எழுதிட்டேன்."

பக்கீர் அமீர் நிஷாவின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தார், சரியாக வரவில்லை.

"அது ஒங்க வூடுன்னுதான் லாத்தா அவள நான் கூட்டியாரல," என்றார் கடைசியில். "வந்தப்பல்லாம் ஒரு ராத்திரி தங்கலையே நீங்க. கோவம்னு இருந்தேன்."

"தங்குனா வூடு மனசுல ஒட்டிக்கிரும்டா. அப்புறம் இங்க திரும்பக் கால் வருமா எனக்கு?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

சண்டை போட ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதில் யாரைத் திட்டுவது?

"சரி, நடந்தது போவட்டும். இப்ப வாங்க," என்றார்.

"ஒன் மச்சான் அந்தா கெடக்கறாஹ." தோப்பு ஓரத்தில் நட்ட கல்லைக் காட்டினாள். "ஒத்தையா வுட்டுட்டு வரச் சொல்றியா?"

"நீங்க மட்டும் ஒத்தையா இருக்கலாமா?"

"நீ நாப்பது வருசம் இருந்தியே தம்பி," என்றாள் அவள். "எனக்குத் தெரியாமப் போச்சே."

அதற்குப் பிறகு அவர் வற்புறுத்தவில்லை. கபுருக்குப் போய் துஆ ஓதிவிட்டு வந்தார். கிளம்பும்போது லாத்தா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இதுலதான் என்னக் கூட்டிக்கிட்டுப் போவலாம்னு வந்தியா? இதுல எவ ஏறுவா?"

பக்கீர் வண்டியைப் பார்த்தார், லாத்தாவைப் பார்த்தார். பின் இருக்கை அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. ஆறு வாரம் எதையெதையோ அளந்த மனிதர், யாருக்காக வண்டி வாங்கினாரோ அவள் காலை அளக்கவில்லை. லாத்தா அவர் நினைப்பில் இன்னும் லாரியில் தாவி ஏறிய இருபத்தொரு வயதுக்காரியாகவே இருந்திருக்கிறாள்.

முக்காலியை அவிழ்த்துத் தரையில் வைத்தார். அவள் சிரித்தாள். நீல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கைலியைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, முக்காலிமேல் ஏறி, அவர் தோளை அழுத்திப் பிடித்து ஒரு வழியாக உட்கார்ந்துவிட்டாள். முக்காலியை ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு பக்கீர் மெதுவாக ஓட்டினார். லாத்தா கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தம்பியின் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, முதுகில் ஹெல்மெட் இடிக்கச் சாய்ந்துகொண்டாள். எத்தனை ஆயிரம் பேரை ஏற்றியிருப்பார், அப்படி ஒருவரும் பிடித்ததில்லை. பாலம் வரை ஒரு கிலோமீட்டர் தூரம். முதல் கியரிலேயே போனார்.

பாலத்தருகே அவள் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

"இது ஒன் சவாரிக்கு ஆவும். இத நான் வச்சிக்கிறேன்." முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அடுத்த தடவ வர்றப்ப ஏற வேணும்ல."

"சரி லாத்தா."

"வண்டிய முன்னறைல நிறுத்து. கட்டில்ல படு. அது ஒன் வூடு. நான் சொல்றேன்."

அவள் முக்காலியோடு பாதையில் திரும்பி நடந்தாள். வளைவில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு அவர் பலகைப் பாலத்தில் ஏறினார். நூற்றைம்பது கிலோமீட்டரும் பின்னால் கால் வைக்கும் கட்டைகள் விரிந்தபடியே இருந்தன. மடக்கத் தோன்றவில்லை.

சந்துக்கு வந்து சேர்ந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். வாசலில் நிறுத்தி, பழக்கத்தில் சாக்கை எடுத்தார். விரிக்கப் போனவர் அப்படியே சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, வண்டியை நேராக முன்னறைக்குள் ஏற்றி, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிறுத்தினார். பூ தாங் செம்மண் கரைந்து, நாற்பது வருஷமாகத் துடைத்த தரையில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண் சோற்றுக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தாள். "என்ன, இன்னைக்கு முன்னாலயே நிறுத்திட்டீங்க?"

"என் வீடுதானே," என்றார் பக்கீர் மைதீன்.

கம்பிக்கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து, கட்டிலில் புது விரிப்பின்மேல் உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் வரப்போகிற ஒருத்தி கூடவே இருந்தாள். அவளுக்காகத் துடைத்தார், அவளுக்காகப் பூட்டினார், அவளுக்காக நடையில் படுத்தார். இன்றைக்குத்தான் அவர் அங்கே முதல் முறையாகத் தனியாக இருந்தார்.